கூடுதலாக ஒரு குடம்

பந்தல்குடிக் கரிசலில் ஐப்பசி மழைக்கு மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டால், முதுகில் மருந்து டேங்கோடு ஆட்கள் புஞ்சைக்குள் இறங்கிவிடுவார்கள். 2018-இல் படைப்புழு வந்த பிறகு, குருத்துக்குள் மருந்தடிக்காமல் கதிரைக் காண்பது சம்சாரிக்குப் பெரும்பாடு. எத்தனை டேங்கோ அத்தனைக்குத்தான் கூலி என்பதால் யாரும் இடையில் நிற்பதில்லை. மூடியில் ஒழுகும் மருந்து சட்டையை நனைக்கும். நாசில் அடைத்தால் வாயால் ஊதுவார்கள். அந்தக் கையோடுதான் தூக்குவாளியைத் திறப்பதும்.

கையுறை போடு, முகக்கவசம் போடு என்று சொல்வது எளிது. இங்கே முதலில் இல்லாதது தண்ணீர். மருந்து கலக்கவே ஊருணியிலிருந்து குடம் குடமாகச் சுமக்க வேண்டியிருக்கிறது. கைகால் கழுவ இன்னொரு குடம் யாரும் கொண்டுவருவதில்லை. மூச்சு வழியாகத்தான் நஞ்சு ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். தெளிப்பவர் உடம்பில் அது பெரும்பாலும் தோல் வழியாகவே இறங்குகிறது. ஒருவர் 'மருந்தைக் குடித்துவிட்டார்' என்றால் ஊரே பதறி ஓடும். அதே மருந்து முதுகில் ஊறும்போது யாரும் பதறுவதில்லை.

2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு பெரம்பலூர்ப் பருத்திக்காடுகளிலும் உயிர்கள் போயின. அதுவும் நம் ஊரைப் போன்ற கரிசல் பூமிதான்.

இதில் முதலாளி, கூலியாள் என்று இரண்டு கட்சி கட்ட முடியாது. மூன்று ஏக்கர் சம்சாரியே தன் வேலை முடிந்ததும் அடுத்த புஞ்சைக்குக் கூலிக்குப் போகிறார். ஆகவே, ஆள் கூப்பிடுகிறவர் ஒழுகாத டேங்கையும், சோப்புக்கட்டியோடு கூடுதலாக ஒரு குடம் தண்ணீரையும் வரப்பில் வைக்கட்டும். வருகிறவர் அதைக் கேட்டு வாங்கக் கூச்சப்பட வேண்டாம். டப்பாவிலுள்ள சிவப்பு முக்கோணம் கொடிய நஞ்சின் அடையாளம் என்பதைக் கடைக்காரர் வாய்விட்டுச் சொல்லி விற்கட்டும். எச்சில் வழிந்து, கண்மணி சுருங்கி ஒருவர் தள்ளாடினால், வெயில் மயக்கம் என்று நிழலில் கிடத்திவிடாதீர்கள். நனைந்த துணியைக் களைந்து உடம்பைக் கழுவி, 108-ஐக் கூப்பிட்டு, அந்த டப்பாவையும் கூடவே அனுப்புங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால் மருத்துவருக்குப் பாதி நேரம் மிச்சம்.

நவம்பர் 1 கிராம சபைக்கு முன்பே மருந்தடிப்பு தொடங்கிவிடும். அதனால் அக்டோபர் 2 கூட்டத்திலேயே, தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் அடுத்த வரியாக, இந்தக் குடத்தையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவோம்.