ஈஸ்வரா என்றொரு காடி

போன சனிக்கிழமை மாலை. லுக்குட் ஒட்டுக்கடையில் தே தாரிக் மேசைக்கு வருவதற்குள் மகள் கைப்பேசியை என் முன் நீட்டினாள். கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள், இரண்டு பிள்ளைகள். போர்டிக்சனுக்கு வரும்போதெல்லாம் மாமனார், மாமியாரையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதனால் ஏழு பேர் உட்காரும் காடி தேடுகிறாள்.

"அப்பா, பெரோடுவா அல்ஸாவா, டொயோட்டா வெலோஸா? அவருக்கு வெலோஸ்தான் பிடிச்சிருக்கு. ஆபிசுல நிறுத்துனா ஒரு மரியாதை இருக்கும்ங்கறாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். டைஹாட்சு உருவாக்கிய ஒரே அடிப்படையில் பிறந்தவை, ஒரே 1.5 லிட்டர் எஞ்சின். இரண்டையும் பொருத்துவதும் ரவாங்கில் உள்ள பெரோடுவா தொழிற்சாலைதான். முகப்பும் சில வசதிகளும் வேறு. 2022இல் அறிமுகமானபோது அல்ஸாவின் உயர்ந்த ரகம் 75,500 ரிங்கிட், வெலோஸ் 95,000 ரிங்கிட். வித்தியாசம் 19,500. ஒன்பது வருடக் கடனில் அதைப் பரப்பிப் பாருங்கள். வட்டியைச் சேர்க்காமலே மாதம் 180 ரிங்கிட் வருகிறது. பிள்ளையின் டியூஷன் கட்டணத்துக்கு ஆகும்.

"அதுல பெரும்பங்கு பேருக்குத்தாம்மா" என்றேன்.

அவள் விடவில்லை. "அப்போ தாத்தா மட்டும்? அவரு பேரைப் பாத்துத்தானே ஈஸ்வரா வாங்குனாரு?"

வாயடைத்துப் போனேன். உண்மைதான்.

போர்டிக்சனிலிருந்து லிங்கிக்குப் போகும் வழியில் ஒரு தோட்டம். அங்கேதான் அப்பா பால் வெட்டினார். 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் பழைய காடிக் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். எஞ்சினைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. பின்னால் ஒட்டியிருந்த எழுத்துகளை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொன்னார். 'இஸ்வாரா' என்றேன். "நம்ம சாமி பேருடா" என்றார். அவ்வளவுதான், விலை பேசி முடித்துவிட்டார். லயத்து வாசலுக்கு வந்த முதல் காடி அது. தோட்டத்துக் கோயிலில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு, அதற்கப்புறம்தான் பட்டணத்துக்கு ஓட்டினோம்.

அப்பா ஏமாந்தார் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் புரோட்டோன் வைத்த பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: ஈஸ்வரா, வீரா, சத்ரியா, பெர்டானா, புத்ரா. ஈஸ்வரன், வீரன், சத்திரியன், பிரதானம், புத்திரன் என்று நம் காதில் விழும். இவை மலாய் மொழியில் எப்போதோ கலந்துவிட்ட சமஸ்கிருதச் சொற்கள். கம்பெனி நம்மை நினைத்து வைத்த பெயர்கள் அல்ல. தேசியக் காடிக்கு மலாய்ப் பெயர் வைத்தார்கள். நாம் அதில் நம் பெயரைக் கேட்டுக்கொண்டோம்.

முதல் காடியின் பெயரே ஒரு நல்ல கதை. 1985 ஜூலை 9ஆம் தேதி புரோட்டோன் சாகா வெளிவந்தது. நாடு தழுவிய பெயர்ப் போட்டியில், ஓய்வுபெற்ற இராணுவ வீரர் ஒருவர் அனுப்பிய பெயர் அது. சாகா என்பது ஒரு மரம். அதன் சிவப்பு விதையைப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடுவார்கள். நம் பாட்டிமார் ஆனைக்குன்றிமணி என்பார்கள். மஞ்சாடி என்றும் பெயருண்டு. தங்கம் நிறுக்க நம் பொற்கொல்லர்கள் வைத்திருந்த எடை அதுதான். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. மலாய் பொற்கொல்லர்களும் சாகா விதையால்தான் பொன் நிறுத்தார்கள்.

இத்தனைக்கும் அந்தச் சாகாவின் உடம்பு சொந்தமல்ல. அது மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே. உடம்பு ஜப்பான், பெயர் மலேசியா. முகப்பில் பிறையும் 14 முனை நட்சத்திரமும் இருந்தன. 2000ஆம் ஆண்டு வாஜாவோடு அந்த இடத்துக்குப் புலித்தலை வந்தது. இன்று நாம் பார்க்கும் எக்ஸ்70ம் ஜீலி நிறுவனத்தின் போயுவேயிலிருந்து வந்ததுதான். ஆக, ஒரே காடிக்கு இரண்டு பெயர் என்பது அன்றைக்கும் உண்டு, இன்றைக்கும் உண்டு.

பெயரை ஊருக்கு ஊர் மாற்றுவதும் உண்டு. இங்கே வீராவாக ஓடிய காடியை பிரிட்டனில் 'பெர்சோனா' என்று விற்றார்கள். 2007இல் அதே பெர்சோனா என்ற பெயரை எடுத்து இங்கே வேறொரு காடிக்குச் சூட்டினார்கள். பெரோடுவா 1994இல் கஞ்சில் என்று தொடங்கியது. கதைகளில் முதலையையே ஏமாற்றும் சருகுமான் அது. சின்னக் காடிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? பிறகு கெனாரி, கெலிசா என்று பறவையும் மீனும் வந்தன. அதற்குப் பின் அல்ஸா, அக்ஸியா, அரூஸ். பாட்டியிடம் சொன்னால் "என்ன பேரு அது?" என்பார். எந்த நாட்டிலும் நாக்கில் உருள வேண்டும், எந்த மொழியிலும் தப்பான அர்த்தம் வந்துவிடக் கூடாது என்று பார்க்கும் காலம் இது. புரோட்டோனோ எக்ஸ்50, எக்ஸ்70 என்று எண்ணுக்கே போய்விட்டது.

ஆனால் சாகா மட்டும் போகவில்லை. உடம்பு பலமுறை மாறியும் 40 ஆண்டாக அந்தப் பெயரை விடவில்லை. பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். அதற்கு எடை சேர்ப்பது அதில் ஏறி இறங்கிய குடும்பங்கள்தான். அக்காவின் கல்யாணத்துக்கு, என்னை வேலையில் சேர்க்க, அப்பாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என்று எங்கள் ஈஸ்வரா ஓடியது. அந்த மதிப்பை எந்தக் கம்பெனியும் முன்பணமாக வாங்க முடியாது.

இதைத்தான் மகளிடம் சொன்னேன். "பேரு பிடிச்சிருந்தா வாங்குங்க, தப்பில்ல. வெலோஸ்ல இருக்கற கூடுதல் வசதி உங்களுக்கு வேணுமா, நாளைக்கு வித்தா என்ன விலை போகும், அதையும் பாருங்க. ஆனா முதல்ல பேரை மனசுல மூடி வெச்சிட்டு, ரெண்டையும் மாமனார், மாமியாரை உக்கார வெச்சே ஓட்டிப் பாருங்க. அவங்க சொல்லட்டும்."

"சரிப்பா, அவர்கிட்ட சொல்றேன்" என்றாள். எதை வாங்கப் போகிறார்களோ, அது அவர்கள் பாடு.

வீட்டுக்குத் திரும்பினோம். மகளின் பழைய மைவி வாசலில் நின்றதும் அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அப்பாவின் காடியை விற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. இருந்தாலும் அம்மாவுக்கு வீட்டுக்கு வருகிற காடி எல்லாமே ஒன்றுதான்.

"ஈஸ்வராவை நிழல்ல நிறுத்துடா. வெயில்ல காயுது."