கொடுக்க ஒரு படி, வாங்க ஒரு படியா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

தானியம் கொடுக்கும்போது ஒரு படியும், வாங்கும்போது வேறொரு படியும் வைத்திருப்பவனை ஊர் நம்புமா? ஆனால் கணினி நிரல்களில் தேதியை நாம் அப்படித்தான் கையாளுகிறோம்.

என் தாயார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். சென்ற ஆண்டு ஏப்ரல் கடைசி வாரம் முழுவதும் ஒன்றரை ஷிப்ட் பார்த்து, இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பினார். அவசரச் சரக்காம்! அவசரமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சரக்கு போக வேண்டிய நாள் ஜூன் 5. ஒரு நிரல் அதை நம் வழக்கப்படி 05/06 என எழுதியது. மற்றொரு நிரல் அமெரிக்க வழக்கப்படி மே 6 என வாசித்தது. கூலி கூடுதலாகக் கிடைத்தது உண்மை. அடுத்த வாரம் வேலையின்றி வீட்டிலிருந்ததும் உண்மை.

தேதியை எழுத்தாக்குவது ஒரு வேலை. எழுத்தைத் தேதியாக்குவது மறுவேலை. நாம் பயிலும் பைத்தானில் முன்னதற்கு ஸ்டிர்எஃப்டைம், பின்னதற்கு ஸ்டிர்பிடைம். நாள், மாதம், ஆண்டு எந்த வரிசையில் என்னும் வடிவக் குறிப்பை இரண்டுமே கேட்கும். அக்குறிப்பை இரண்டிடத்தில் தனித்தனியே எழுதுவதுதான் வம்பு. ஒன்றைத் திருத்துவோம், மற்றதை மறப்போம். நாளும் மாதமும் இடம் மாறும்போது, நாள் 12-ஐத் தாண்டியிருந்தால் பிழையென்று கணினியே சொல்லிவிடும். தாண்டாவிட்டால் வாய் திறக்காது. இவ்வாறு ஏமாற்றும் நாள்கள் ஆண்டுக்கு 132!

ஆகவே குறிப்பை ஒரே இடத்தில் வைத்து, எழுதவும் வாசிக்கவும் அதையே பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. “வெளிநாட்டார் வேறு வடிவில் அனுப்பினால்?” என்று நண்பர்கள் கேட்கலாம். அனுப்பட்டும். அவர் வடிவம் எதுவெனக் கேட்டறிந்து, அதன்படி வாசலிலேயே ஒருமுறை வாசித்துக்கொள்வோம். உள்ளே வந்தபின் நம் குறிப்பு ஒன்றே.

ஒன்றாயிருந்தால் மட்டும் போதாது. நிறைவாகவும் இருக்க வேண்டும். 1958-இல் பிறந்த என் பாட்டியின் ஆண்டை 58 என இரண்டு இலக்கத்தில் எழுதி, அதே குறிப்பால் வாசித்தால் பைத்தான் 2058 என்கிறது. பாட்டி இன்னும் பிறக்கவே இல்லை! 1988-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 8601 தரம் கூறும் வரிசையில், நான்கு இலக்க ஆண்டு, பிறகு மாதம், பிறகு நாள் என எழுதினால் இக்குழப்பம் இல்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நாளை நாம் எழுதும் நிரலை நம்பி, செக்கிங் மேசையருகே நம் தாய்மார்கள் நின்றுகொண்டிருப்பார்கள். தோழர்களே, அதை மறவாதிருப்போம்!