நாலு ஆப்ல மூணை மூடிட்டேன்: ஏன்னு ஒரு த்ரெட்

1/ மூணு வாரம் முன்னாடி நைட் டூட்டி முடிச்சிட்டு, மொபைல் செட்டிங்ஸ்ல 'ஸ்கிரீன் டைம்' பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நாலு ஆப் மட்டும் சேர்த்து சராசரி ஒரு நாளைக்கு 3 மணி 40 நிமிஷம். டூட்டி குரூப் இருக்கிற வாட்ஸ்அப் இதுல சேர்த்தி இல்லை. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ கணக்கு போடுவோம். வருஷத்துக்கு சுமார் 1,338 மணி நேரம். ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலைன்னு வச்சா 167 வேலை நாள். 'எழுத நேரமே கிடைக்கல'ன்னு பார்க்கிறவங்க கிட்ட எல்லாம் புலம்பிக்கிட்டு இருந்த ஆளு நான்.

3/ எழுத என்ன இருக்குன்னு கேப்பீங்க. மூணு வருஷமா ஒரு சிறுகதைத் தொகுப்பு கையில இருக்கு. 12 கதை திட்டம், முடிஞ்சது 4. அதுல 2 எப்ப எழுதினேன் தெரியுமா? போன் டிஸ்ப்ளே உடைஞ்சு, சர்வீஸ்ல இருந்து திரும்பி வர்ற வரைக்கும் பட்டன் போன் வச்சிருந்த 18 நாள்ல.

4/ இங்க எழுதினதெல்லாம் வீண்னு சொல்ல வரல. சுகர், பிபி, நாய்க்கடி பத்தின த்ரெட் படிச்சிட்டு ஓபிக்கு வந்தவங்க இருக்காங்க. அது எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா அந்த 3 மணி 40 நிமிஷத்துல த்ரெட் எழுதினது அரை மணி கூட இருக்காது. மீதி நேரம் 'யாரு என்ன சொன்னாங்க'ன்னு எட்டிப் பார்த்தது.

5/ ஏன் அப்படி எட்டிப் பார்க்கிறோம்? உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வச்சுப் பண்ணின ஆய்வு இதுல முக்கியம். விளக்கு எரிஞ்சா ஜூஸ் வரும்னு பழகின குரங்குக்கு, ஜூஸ் வரும்போது இல்ல, விளக்கு எரியும்போதே டோபமின் செல்கள் துடிக்குது. நமக்கு அந்த விளக்கு நோட்டிஃபிகேஷன். எப்ப லைக் வரும்னு தெரியாததால கை இன்னும் அடிக்கடி போகுது.

6/ இன்னொரு விஷயம். ஒரு வேலையைப் பாதியில விட்டுட்டு அடுத்ததுக்குப் போனா, மனசோட ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிடும். சோஃபி லெராய் 2009ல இதை ஆய்வு பண்ணி எழுதினாங்க. 'ரெண்டே நிமிஷம் பார்த்துட்டு வந்துடுறேன்'னு போனா, திரும்பி வர்றது முழு ஆள் இல்லை.

7/ ஆனா நான் மூடினது இந்த அறிவியலுக்காக இல்லை. ஒரு ராத்திரி வார்டுல ஒரு பெரியவர் செஞ்ச ஒரு சின்னக் காரியத்தைப் பார்த்தேன். நெஞ்சை அடைச்சிடுச்சு. டூட்டி ரூமுக்கு வந்து உக்காந்ததும் நோட்டை எடுக்கல, போனை எடுத்தேன். ஆறு வரி. பொழுது விடியறதுக்குள்ள ஆயிரக்கணக்கில் லைக். 'செம்ம ரைட்டிங் டாக்டர்'.

8/ அப்புறம் அதைக் கதையா எழுத உக்காந்தா ஒண்ணுமே வரல. உள்ள இருந்த அழுத்தம் அந்த ஆறு வரியிலேயே இறங்கிடுச்சு. குக்கர் விசிலைத் தூக்கி விட்ட மாதிரி. ஆவி போயிடுச்சு, உள்ள அரிசி வேகல.

9/ அதைவிட மோசமான விஷயம் ரெண்டு நாள் கழிச்சுதான் உறைச்சது. அவரோட பேரன் இதைப் படிச்சிருந்தா? பேர் போடலதான். ஆனா அன்னைக்கு அந்த வார்டுல இருந்த யாருக்கும் அது அவர்தான்னு தெரியும். கதைன்னா மாசக்கணக்கா உக்காந்து ஆளை மாத்தி, ஊரை மாத்தி, துக்கத்தை மட்டும் வச்சுக்கலாம். பதிவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. டெலீட் பண்ணிட்டேன். அவர் என்ன செஞ்சார்னு இங்கயும் சொல்ல மாட்டேன்.

10/ 'டாக்டருங்க எல்லாம் போயிட்டா போலி வைத்தியம் பேசுறவங்க மட்டும்தானே இருப்பாங்க?' நியாயமான கேள்வி. அதனாலதான் நாலையும் மூடல. நாய்க்கடி (சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவுங்க, அப்புறம் தடுப்பூசி), பாம்புக்கடி (கட்டாதீங்க, கீறாதீங்க, உறியாதீங்க, நேரா ஆஸ்பத்திரி) த்ரெட் எல்லாம் இந்தக் கணக்குலயே இருக்கும்.

11/ 'வேலைப்பளு இருக்கிறவங்களால எழுத முடியுமா?' செக்காவ் ஒரு டாக்டர். 1892ல காலரா தடுப்புக்காக 25 கிராமங்களைச் சம்பளம் வாங்காம பார்த்துக்கிட்டார். அவரோட 'வார்டு எண் 6' வெளிவந்ததும் அதே வருஷம்தான். நான் செக்காவ் இல்லை. ஆனா என் டூட்டி அவர் டூட்டியை விடப் பெரிசும் இல்லை.

12/ இதை 'அடிக்‌ஷன்'னு சொல்லிப் பயமுறுத்தவும் மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11 பட்டியல்ல கேமிங் கோளாறு இருக்கு, சோஷியல் மீடியாவுக்குத் தனிப் பெயர் இல்லை. இதை வச்சுத்தான் பிழைப்பு, இதுலதான் நாலு பேர் பேச இருக்காங்கன்னு இருக்கிறவங்களுக்கு இந்த த்ரெட் இல்லை.

13/ நான் பண்ணினது இவ்வளவுதான்:
• மூணு கணக்கு மூடியாச்சு.
• இருக்கிற ஒண்ணு போன்ல கிடையாது, லேப்டாப்ல மட்டும். ஞாயிறு காலை ஒரு மணி நேரம்.
• பாக்கெட்ல ஒரு சின்ன நோட்டு. வார்டுல மனசைத் தொட்டது எதுவா இருந்தாலும் முதல்ல அதுல. ஆறு மாசத்துக்கு வெளிய வராது.

14/ மூணு வாரத்துல என்ன ஆச்சு? முதல் வாரம் கை தானா பாக்கெட்டுக்குப் போச்சு. ரெண்டாவது வாரம் செம போர். அந்த போர்ல, பஸ் ஜன்னல் ஓரம் உக்காந்திருந்தப்போ, ஒரு வருஷமா நின்னு போயிருந்த கதைக்கு முடிவு கிடைச்சுது. இப்போ அஞ்சாவது கதை ஒன்றரைப் பக்கம். நாளைக்கே கிழிச்சுப் போடலாம். ஆனா அது என்னோட ஒன்றரைப் பக்கம்.

15/ உங்களுக்கு அது கதையா இருக்கணும்னு இல்லை. பாதியில விட்ட ஆர்மோனியம், துணி வாங்கி வச்சு இன்னும் தைக்காத பாவாடை, மாடித் தோட்டம், எதுவா வேணா இருக்கட்டும். இன்னைக்கு ராத்திரி உங்க ஸ்கிரீன் டைமைப் பாருங்க. 365ஆல பெருக்குங்க. யாருக்கும் சொல்ல வேண்டாம், உங்களுக்குத் தெரிஞ்சா போதும்.

16/ கடைசியா ஒண்ணு. நெஞ்சு வலிக்குதுன்னு எனக்கு மெசேஜ் போட்டுட்டு ஒருத்தர் பதிலுக்குக் காத்திருந்தார். நான் பார்த்தப்போ ரெண்டு மணி நேரம் ஆகியிருந்துச்சு. நல்லவேளை, நல்லா இருக்கார். நான் எத்தனை ஆப்ல இருந்தாலும் 108 ஆக முடியாது. அவசரம்னா 108 கூப்பிடுங்க. மத்ததெல்லாம் ஞாயிறு காலை 9 மணிக்குப் பேசலாம்.