பீரோவுக்குள்ள லேப்டாப், வெளிய கண்ணீர் அஞ்சலி

கொஞ்ச நாளா எங்க செட்டுல ஒரு புது வியாதி பரவிக்கிட்டிருக்கு. புது லேப்டாப் கைக்கு வந்ததும் பழசைப் போட்டோ பிடிச்சு, "போய் வா நண்பா" ரேஞ்சுக்கு நாலு பாரா எழுதி ஊரையே அழ வைக்கிறது. கூடவே எழுத்து தேய்ஞ்சுபோன கீபோர்டுக்கு ஒரு குளோசப். சரி, அழட்டும். அதுக்கப்புறம் அந்த நண்பன் எங்கன்னு கேட்டுப் பாருங்க. பீரோவுக்குள்ள, பட்டுச் சேலைக்கு அடியில, பையோட. ஆறு வருஷம் கழிச்சுப் பழைய இரும்புக் கடைக்குப் போகும். இதுக்குப் பேரு பாசமாம். நான் கஞ்சத்தனம்னு சொல்றேன். திட்டுறவங்க முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க மக்களே.

பாசமே பொய்னு நான் சொல்ல வரலை. 2011 செப்டம்பர் 15 அன்னைக்கு ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை ஆரம்பிச்சு வச்சாங்க. அடுத்த பத்து வருஷத்துக்குள்ள அம்பது லட்சத்துக்கும் மேல லேப்டாப் பிள்ளைங்க கைக்குப் போச்சு. சாணார்பட்டி, ரெட்டியார்சத்திரம், வேடசந்தூர் பக்கமெல்லாம் எத்தனையோ வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டரே அதுதான். ஒரு பக்கம் விண்டோஸ், இன்னொரு பக்கம் சி-டாக் தயாரிச்ச பாஸ் லினக்ஸ். (பாஸ் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கலைங்கிறது வேற கதை.) எங்க அக்காவுக்கு பிளஸ் டூவுல கிடைச்சுது. எட்டு வயசுல நான் பெயிண்ட்ல வீடும் தென்னை மரமும் வரைஞ்சது அதுலதான். நான் பிளஸ் டூ வந்தப்போ திட்டமே நின்னு போயிருந்துச்சு. அதனால அந்த மெஷினோட அருமை எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

இப்போ கணக்குக்கு வருவோம், பி.காம். படிக்கிறவன் வேற எங்க போவான்? 2013 கம்பெனிச் சட்டத்தோட இரண்டாம் அட்டவணை, டெஸ்க்டாப், லேப்டாப் வகையறாவுக்கு மூணு வருஷம்தான் ஆயுள்னு எழுதி வச்சிருக்கு. சர்வருக்கு ஆறு. வருமான வரிக்குன்னா குறைந்து செல் மதிப்பு முறையில 40 சதவீதத் தேய்மானம். 30,000 ரூபாய் லேப்டாப் ஒரு வருஷத்துல 18,000. அப்புறம் 10,800, 6,480, 3,888. அஞ்சாவது வருஷ முடிவுல 2,332 ரூபாய்ச் சொச்சம். இந்த முறையில ஒரு வேடிக்கை இருக்கு, பரீட்சையில யாரும் கேட்க மாட்டாங்க: எத்தனை வருஷம் கழிச்சாலும் மதிப்பு பூஜ்யத்தைத் தொடவே தொடாது. உங்க பீரோ தொட வச்சிடும். லித்தியம் பேட்டரி சார்ஜ் இல்லாம வருஷக்கணக்குல கிடந்தா செத்துடும், சிலது உப்பிக்கிட்டு டச்பேடையே மேல தூக்கிடும். போர்டுல காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கே, அது தீர்ந்தா மெஷினுக்குத் தேதி மறந்து போகும். நல்லா ஓடிக்கிட்டிருந்ததை இப்படிப் படுக்கப் போட்டுட்டு, அப்புறம் "பாவம், வயசாயிடுச்சு"ன்னா எப்படி? நம்ம ஊர்ப் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது பெருமைதான், அதுக்காகக் கண்டதையும் பூட்டணும்னு இல்லையே.

அம்மாக்கள் கட்சி ஒண்ணு இருக்கு. "ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வச்ச பொருளை வெளிய கொடுக்கலாமாடா?" நல்ல கேள்வி. ஆனா அந்தப் பூஜையில ஆயுதத்தை எத்தனை நாள் வைக்கிறோம்? ஒரு நாள். மறுநாள் விஜயதசமிக்கு எடுத்து வேலையை ஆரம்பிச்சுடணும், அதுதான் முறை. அஞ்சு வருஷமா விஜயதசமியே வராத வீட்டுல இருந்துக்கிட்டு சாஸ்திரம் பேசக் கூடாதும்மா.

அடுத்தது, "அதெல்லாம் செத்துப் போச்சு, யாருக்கும் ஆகாது"ங்கிற அதிபுத்திசாலிகள். 2025 அக்டோபர் 14-ம் தேதியோட விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்துச்சு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேணும், இன்டெல் மெஷின்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேணும். அக்டோபர் 15 காலையில அந்தப் பழைய மெஷினெல்லாம் வழக்கம்போல ஆன் ஆச்சு. ரெட்மண்ட்ல இருந்து வந்த மரண அறிவிப்பு அதுகளுக்குத் தெரியாது போல. லினக்ஸ் மின்ட்டோட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி ராம்ல தாராளமா ஓடும், 2 ஜிபியில மூச்சு வாங்கிக்கிட்டு ஓடும். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழட்டிட்டு ஒரு எஸ்எஸ்டி மாட்டினா ஆளே மாறிடும். டேலி அதுல நேரா ஓடாது, உண்மைதான், எங்க கிளாஸ் பசங்களுக்கு அது இடிக்கும். ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு டேலி?

அக்காவோட லேப்டாப் 2023-ல நத்தம் பக்கம் இருக்குற சித்தி மகளுக்குப் போச்சு. பேட்டரி போயிடுச்சு, வயரைச் சொருகினாத்தான் ஓடும், கரண்ட் போனா கூடவே போயிடும். அவ அதுல தமிழ்99 அடிக்கக் கத்துக்கிட்டா. கிவிக்ஸ்னு ஒரு மென்பொருள் போட்டுக் கொடுத்தோம், இன்டர்நெட் இல்லாமலே தமிழ் விக்கிப்பீடியா முழுசும் அதுக்குள்ள கிடக்கு. போன தடவை போனப்போ அவங்க அப்பாவோட பால் கணக்கை லிப்ரே ஆபீஸ்ல கட்டம் போட்டு வச்சிருந்தா, கூட்டல் சூத்திரத்தோட! பி.காம். படிக்கிற எனக்கே வெக்கமா போச்சு. அக்கா அழலையான்னு கேட்பீங்க. நல்லாவே அழுதா. அழுதுக்கிட்டே போட்டோவையெல்லாம் பென் டிரைவ்ல ஏத்தி, டிஸ்கைச் சுத்தமா அழிச்சு, துடைச்சுக் கொடுத்தா.

நிஜமாவே செத்துப்போனதுன்னா பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடாதீங்க. உள்ளே இருக்குற செம்புக்காக வயரை வெட்டவெளியில எரிக்கிற இடங்கள் இருக்கு. பழைய குண்டு மானிட்டர்னா கண்ணாடியிலேயே ஒரு கிலோவுக்கு மேல ஈயம் இருக்கும். 2023 ஏப்ரல்ல இருந்து அமல்ல இருக்குற மின்கழிவு விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிச்ச கம்பெனி மேலயே வச்சிருக்கு. பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரங்ககிட்ட கொடுங்க.

2026 ஜனவரியில கல்லூரிப் பசங்களுக்கு அரசு மறுபடியும் லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சுது. புதுசு வாங்கினவங்க வீட்டுலயெல்லாம் பழசு ஒண்ணு இப்போதான் பீரோ பக்கம் நகர்ந்துக்கிட்டிருக்கும். பேட்டரி உப்புறதுக்கு முன்னாடி ஒரு பிள்ளை கையில கொடுத்துடுங்க. கொடுக்கும்போது சார்ஜரையும் சேர்த்துக் கொடுங்கப்பா. அதை மட்டும் உருவி வச்சுக்கிட்டு "எதுக்காவது ஆகும்"னு சொல்ற கூட்டமும் நம்ம ஊர்ல இருக்கு.