கோட்டையும் மணப்பந்தலும்

மணவினை என்பது இருவர் தம்முள் செய்துகொள்ளும் ஒப்பந்தம் மாத்திரமன்று; இரு குடும்பங்கள் ஊரைச் சாட்சியாக நிறுத்திச் செய்யும் அறிவிப்பு. ஆதலால், அஃது எவ்விடத்தில் நிகழ்கின்றது என்பது சிறு வினா ஆகாது. சென்ற திங்கள் அவ்வினா என்னைத் தேடி அக்கராயனுக்கே வந்து சேர்ந்தது.

ரொறன்ரோ நகரில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அக்கராயன் மக்கள் வீடுவாசலைப் பூட்டிக்கொண்டு கிழக்கு நோக்கிப் புறப்பட்ட நாள்களில், மகளைத் தோளிலே சுமந்து சென்றவர் அவர். அம்மகளுக்கு இப்போது திருமணம். பிறந்த நாட்டிலேயே மணம் நிகழவேண்டும் என்கிறாளாம். ஆனால், அது கோட்டையிலோ அரண்மனையிலோ நிகழவேண்டும் என்பதும் அவள் விருப்பமாம். “வடக்கிலே எந்தக் கோட்டை பொருத்தமாயிருக்கும்? ஐயா ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ” என்று முடித்திருந்தார்.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சற்று நேரத்தில், சிரித்ததற்காக வெட்கமும் வந்தது. பதுங்குகுழிக்குள் பிள்ளைப் பருவத்தைக் கழித்த ஒருத்தி ஒருநாளேனும் அரசியைப் போல நிற்க விரும்பினால், அதனை எள்ளி நகையாட எனக்கு என்ன உரிமை உண்டு?

ஆடம்பரத் திருமணம் புதுமையும் அன்று. கண்ணகி கோவலன் மணச்செய்தியைப் புகார் நகருக்கு அறிவிக்க யானையின் மீது மகளிரை ஏற்றி அனுப்பினர் என்கிறது சிலப்பதிகாரம். முத்துக் கோத்த பந்தரையும் மணிபதித்த தூண்களையும் இளங்கோவடிகள் மறைக்கவில்லை. ஆனால், அதற்கு முற்பட்ட அகநானூற்றிலே வேறொரு மணவீட்டைக் காண்கிறோம். நல்லாவூர் கிழார் பாடிய 86ஆம் பாட்டில் உழுத்தம்பருப்பிட்ட சோற்று விருந்து, கால்கள் நட்ட பந்தல், அதன்கீழ்ப் புதுமணல், விளக்கு, பூமாலை. முதுபெண்டிர் நீர்க்குடம் சுமந்து வருகின்றனர். மக்களைப் பெற்ற தாயர் மணமகளை வாழ்த்தி நீராட்டுகின்றனர். ஊரவர் கையும் காலும் ஓடியாடி நடத்திய மணம் அது. இவ்விரண்டு மரபும் நம்முடையனவே. எனவே, ஒன்றைப் போற்றி மற்றொன்றைப் பழித்துவிட்டால் வினா தீர்ந்துவிடாது.

அரண்மனைத் திருமணம் இன்று எங்கே செழித்திருக்கிறது? இந்தியாவின் இராசத்தானத்திலே செழித்திருக்கிறது. அங்கே உதயப்பூரில், பிச்சோலா ஏரியின் நடுவே நிற்கும் 18ஆம் நூற்றாண்டு மாளிகை 1960களிலேயே விடுதியாயிற்று. 1971இல் இந்திய அரசு மன்னர் மானியத்தை ஒழித்தபின், மாளிகைகளைப் பேணும் வழியறியாத பழைய அரச குடும்பங்கள் பல அதே வழியைப் பின்பற்றின. சோத்பூரின் உமைத் பவன் 1929இல் தொடங்கி 1943இல் முடிந்த கட்டடம். வறட்சியால் வாடிய உழவர்க்கு வேலை கொடுக்கும் பொருட்டே அது எழுப்பப்பட்டது என்பர். இன்று அதன் ஒரு பகுதியில் அரச குடும்பம், ஒரு பகுதியில் அரும்பொருட்காட்சி, ஒரு பகுதியில் விடுதி. திருமணப் பணம் அங்கே பழஞ்சுவருக்குச் சுண்ணமாகிறது. சமையற்காரனுக்கும் வாத்தியக்காரனுக்கும் கூலியாகிறது. இந்த நன்மையை மறுப்பது நேர்மை ஆகாது.

நிற்க. இராசத்தானத்து மாளிகைகளைக் கட்டியவர் அந்த மண்ணின் அரசர்கள். நம் வடபுலத்துக் கோட்டைகளைக் கட்டியவர் யார்?

யாழ்ப்பாணக் கோட்டையை எடுத்துக்கொள்வோம். 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்திய போர்த்துக்கேயர் அமைத்தது அது. நல்லூர்க் கோயிலை இடித்த கற்களும் அதற்குப் பயன்பட்டன என்பது வழிவழி வந்த செய்தி. 1658இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றி ஐங்கோண வடிவில் திருத்திக் கட்டினர். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1990இல் மாதக்கணக்கான முற்றுகைக்கும் எறிகணைக்கும் இலக்காகி, உள்ளிருந்த 1706ஆம் ஆண்டுத் தேவாலயமும் இடிந்தது. பின்னர் நெதர்லாந்து அரசின் உதவியுடன் மதில்கள் சீர்செய்யப்பட்டன.

அக்கராயனுக்கு அண்மையில் உள்ளது பூநகரிக் கோட்டை. போர்த்துக்கேயர் தொடங்கி, ஒல்லாந்தர் விரித்து, ஆங்கிலேயர் வாடிவீடு அமைத்த சிறு கோட்டை அது. அண்மைப் போரின் காயங்களும் அதன் மீது உள்ளன. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலில் நிற்கும் கடற்கோட்டையோ இப்போது கடற்படை நடத்தும் விடுதி. ஈழத்தீவைப் பன்றித்தொடையின் வடிவாகக் கண்ட ஒல்லாந்தர், அதன் குதிக்கால் என்று பொருள்படும் ‘ஹமன்ஹீல்’ என்ற பெயரை அதற்கு இட்டனர். 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை அடைத்துவைத்த சிறையும் அதுவே. முல்லைத்தீவுக் கோட்டையை 1803இல் பண்டாரவன்னியன் தாக்கிக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் ஆங்கிலப் படையிடம் அவன் தோல்வியுற்றான். அவன் பெயர் நிலைத்திருக்கிறது. அந்தக் கோட்டை நிலைக்கவில்லை.

இவற்றைச் சொல்வது பழைய பகையை வளர்ப்பதற்கன்று. பல நூற்றாண்டு கடந்தபின் கல்லுக்குக் குற்றம் இல்லை. கோட்டை எதற்காக எழுந்தது என்பதே என் கருத்து. வெளியில் உள்ளவரை உள்ளே விடாமைக்காக எழுந்தது கோட்டை. வெளியில் உள்ளவரை உள்ளே அழைப்பதற்காக எழுவது பந்தல். கோட்டைக்கு மதிலும் அகழியும் வாயிற்காவலும் உறுப்புகள். பந்தலுக்குக் கதவே இல்லை. மணவினைக்கு இவற்றுள் எது இயல்பான இடம்?

என் மாணவருக்கு நான் எழுதிய மறுமொழியில் முதலில் உலகியற் செய்திகளையே கூறினேன். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் எதைச் செய்வதற்கும் தொல்பொருள் திணைக்களத்தின் இசைவு வேண்டும். முருகைக்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்ட சுவரில் ஆணி அறைதல் ஆகாது. ஓமத் தீயை எங்கே வளர்ப்பது, அடுப்பை எங்கே மூட்டுவது, முதியோர்க்கு மலசலகூடம் எங்கே, மின்பிறப்பாக்கியை எங்கே நிறுத்துவது என்பன அழைப்பிதழ் அச்சிடுமுன் விடை காணவேண்டிய வினாக்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை கூரையில்லாக் கோட்டையை நன்கு நனைக்கும். விடுதியாகவே நடக்கும் இடமாயின் இத்தொல்லைகள் குறையும். செலவும் கட்டுப்பாடும் கூடும்.

அதன்பின் ஒரே ஒரு வினாவை எழுதினேன்: அந்த வாயிலால் யார் யார் தயங்காமல் உள்ளே வருவர்?

2009இன் தொடக்கத்தில் தருமபுரத்தையும் விசுவமடுவையும் கடந்து போன வழியில் அக்குழந்தைக்குத் தன் பங்குக் கஞ்சியைக் கொடுத்த ஒரு தாய் இன்றும் எங்கள் ஊரில் இருக்கிறாள். வயல் வேலை முடித்து, கால் கழுவி, இருக்கும் நல்ல சேலையை உடுத்திக்கொண்டு அவள் வரவேண்டும். அழைப்பிதழைக் காவலாளிக்குக் காட்டி, அயலவர் நாவில் நுழையாத பெயருள்ள பானத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, எங்கே அமர்வது என்று அறியாமல் அவள் ஓரத்தில் நிற்பாளாயின், அந்த மணத்துக்கு முதற்சாட்சி இல்லாமற் போயிற்று என்பேன். அவள் வராமலே இருந்துவிடவும் கூடும். ‘அது பெரிய இடம், நாங்கள் ஏன்’ என்று சொல்லும் பழக்கம் எங்கள் மக்களிடம் உண்டு. அவ்வாறு ஒருவர் சொல்ல நேரும் இடம் எத்துணை அழகியதாயினும் மணவிடம் ஆகாது.

அரண்மனை வேண்டும் என்றாளே, அதற்கும் விடை எழுதினேன். அக்கராயன் என்னும் சிற்றரசன் ஆண்டதனால் எங்கள் ஊர் அப்பெயர் பெற்றது என்பது ஊர் வழக்கு. அவன் அரண்மனை இது என்று காட்ட ஒரு செங்கல்லும் எம்மிடம் இல்லை, குளம் இருக்கிறது. நல்லூரிலும் இதுவே கதை. ஆரியச் சக்கரவர்த்திகளின் மாளிகை போயிற்று. யமுனா ஏரி எஞ்சியது. நீரைத் தடுத்து நிலத்தில் நிறுத்தியவரே உலகில் தம் பெயரை நிறுத்தியவர் என்ற கருத்தைக் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குப் புறநானூற்றில் உரைத்தார். அந்த அறிவுரைக்குச் சான்று வேண்டுவோர் வன்னிக்கு வரலாம். போருக்குப்பின் திரும்பி வந்தபோது எங்கள் வீடுகளுக்குக் கூரை இல்லை, பள்ளிக்குச் சுவர் இல்லை, குளம் இருந்தது. அதை நம்பியே மறுபடியும் நெல் விதைத்தோம்.

மறுமொழி அப்பெண்ணிடமிருந்தே வந்தது. தாலி கட்டுவது அக்கராயனில், தந்தையின் காணியில், பந்தலிட்டு என்று முடிவு செய்திருக்கிறாள். சமையலும் மேளமும் கிளிநொச்சிப் பக்கத்தவரிடமே கொடுக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். ஆனால், மணம் முடிந்த மறுநாள் பட்டுச்சேலையுடன் யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போய் நிழற்படம் எடுத்தே தீருவாளாம். “அதை மட்டும் வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ தாத்தா” என்று எழுதியிருக்கிறாள். நான் சொல்லவில்லை. அந்தக் கோட்டையின் கதையைப் படம் எடுக்குமுன் அரைமணி நேரம் கேட்கவேண்டும் என்ற ஒரு நிபந்தனையை மாத்திரம் விதித்திருக்கிறேன்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு சொல். வெளிநாட்டிலிருந்து வரும் நம் பிள்ளைகளுக்கு இக்கோட்டைகள் அழகிய பின்புலமாக மட்டும் தோன்றுவது அவர்கள் பிழையன்று, சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளுக்காவது சொல்லியிருக்கிறோமா? பூநகரிக் கோட்டையைப் பார்க்காத கிளிநொச்சி மாணவர் எத்தனை பேர் என்று நாளை உங்கள் வகுப்பறையில் கையுயர்த்தச் சொல்லிப் பாருங்கள். மணக்கூட்டம் அங்கே போகுமுன் மாணவர் கூட்டம் போகட்டும். கற்களின் கதையை அறிந்த தலைமுறை தன் மணவறையை எங்கே அமைப்பது என்பதைத் தானே தேர்ந்துகொள்ளும்.