உப்பைச் சேர்த்தால் புது மருந்தாகிவிடுமா?

மருந்துக் காப்புரிமை வழக்குகள் வணிகப் பூசல்கள் போலத் தோன்றும். ஆனால் அவற்றின் மையத்தில் இருப்பது, மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது என்ற அறிவியல் கேள்வி. தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவம் நோய் தீர்க்கும் ஆற்றலைக் கூட்டவில்லை என்றால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. 2005-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த இத்திருத்தத்தை, ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளீவெக் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் உறுதியாகப் பற்றி நின்றது.

அதே கேள்வி பெடாகுயிலின் விஷயத்திலும் எழுந்தது. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு, 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது. காசநோய்க் கிருமி உயிர்வாழ ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறு வேண்டும். அதை உருவாக்கும் நொதி ஒரு நுண்ணிய சுழல்சக்கரம். புரோட்டான்கள் பாயப் பாய அது சுழல்கிறது. பெடாகுயிலின் அச்சக்கரத்தில் பொருந்திக்கொண்டு சுழற்சியை முடக்குகிறது. ஆற்றல் வற்றிய கிருமி மெல்ல மடிகிறது. நம் உயிரணுக்களிலும் இத்தகைய நொதி உண்டு. அமைப்பு சற்றே வேறானதால் மருந்து அதில் அவ்வளவு வலுவாக ஒட்டுவதில்லை. இதயத் துடிப்பைக் கண்காணிக்க வேண்டியிருப்பது தனி விஷயம்.

இம்மூலக்கூறின் மீது ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்துக்கு இருந்த முதற் காப்புரிமை 2023 ஜூலையில் முடிந்தது. அதன் ஃபூமரேட் உப்பு வடிவத்துக்கும் தனிக் காப்புரிமை கேட்கப்பட்டிருந்தது. கிடைத்திருந்தால் ஏகபோகம் 2027 வரை நீண்டிருக்கும். உப்பு வடிவம் மாத்திரை தயாரிப்பதற்கும் மருந்து கரைவதற்கும் உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் கரைந்ததும் ஃபூமரேட் பிரிந்துவிடுகிறது. கிருமியின் சக்கரத்தை நிறுத்துவது அதே பழைய மூலக்கூறுதான். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது முற்றிலும் சரி.

அங்கே ஆட்சேபம் எழுப்பியவர்களில் காசநோயிலிருந்து மீண்ட இரு பெண்கள் இருந்தனர். ஒருவர் மும்பையைச் சேர்ந்தவர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். இருவருமே பழைய சிகிச்சையின் பக்கவிளைவால் செவித்திறனை இழந்தவர்கள். அவ்வூசி மருந்துகள் கிருமியின் புரத உற்பத்தியைக் குலைப்பவை. உட்செவியின் நுண்ணிய உணர்வணுக்களையும் சிதைக்கக்கூடியவை. மாத்திரையாக உட்கொள்ளும் பெடாகுயிலின் ஏன் தேவை என்பதை இவர்களைவிட யார் அறிவார்?

காப்புரிமை வழங்கப்படும் முன்பே எவரும் கட்டணமின்றி எதிர்க்கலாம் என்ற ஏற்பாடுதான் அவர்களுக்கு வழிவிட்டது. 2024 மார்ச்சில் மத்திய அரசு திருத்திய விதிகள், அதற்குக் கட்டணம் விதித்தன. ஆட்சேபம் ஏற்கத்தக்கதா என அதிகாரி முதலில் முடிவு செய்யவும் வகை செய்தன. போலி ஆட்சேபங்களால் தாமதம் ஏற்படுகிறது என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. அதற்குப் போலிகளைத் தண்டிக்கலாமே! உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வாழும் நாட்டில், நோயாளியின் ஆட்சேபத்துக்கு முன்தடை எதற்கு? இவ்விரு விதிகளையும் அரசு திரும்பப் பெற வேண்டும்.