சுட்டவர் யார்?

பத்திரிகையாளர் ஒருவரின் கட்டுரைத் தொகுதிக்கு அண்மையில் கிடைத்த பரிசைக் குறித்து எழுதிய சக இதழொன்று, அந்நடையில் வேகமும் உயிர்ப்பும் உண்டெனினும் அது வெறும் பத்திரிகை நடையே, இலக்கிய நடை ஆகாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தமிழ் உரைநடை வளர்ந்த வழியை அறிந்தோர் இத்தீர்ப்பை ஏற்க இயலாது.

நடைக்கு உரம் தருவது அடைமொழி அன்று, வாக்கியத்தை முடித்துவைக்கும் வினைச்சொல்லாகிய வினைமுற்றே. 1904இல் சுதேசமித்திரனில் உதவியாசிரியராகச் சேர்ந்த பாரதிக்கு ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது அன்றாட வேலையாக இருந்தது. அச்சுக்கு நேரம் நெருங்கும்போது, செய்தவர் யார், செய்தது என்ன என்பதை முதலில் பிடித்துக்கொள்ளாமல் அவ்வேலை ஓடாது. 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் அவருடைய உரைநடை காட்டும் முறுக்கு இந்தப் பயிற்சியில் ஏறியது என்றே கொள்ளத் தகும். 1933இல் 'மணிக்கொடி' இதழைத் தொடங்கிய மூவரில் வ.ரா., ஒரு மனிதரின் பேச்சையும் நடமாட்டத்தையும் சொல்லால் தீட்டும் நடைச்சித்திரத்தைத் தமிழில் வேரூன்றச் செய்தார். மற்றொருவரான டி. எஸ். சொக்கலிங்கம், எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் எட்டும்படி நாளிதழ்த் தலையங்கம் எழுதிய அதே கையால் டால்ஸ்டாயின் பெருநாவலைப் 'போரும் வாழ்வும்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். தலையங்கத்துக்கு ஒரு தமிழும் டால்ஸ்டாய்க்கு வேறொரு தமிழும் அவருக்குத் தேவைப்படவில்லை. சக இதழின் வாதத்துக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டியதில்லை.

உண்மையில் கவலை தருவது வேறு. 'ஆராய்ந்தனர்' என்று ஒரே சொல்லில் முடிய வேண்டியது இன்று 'ஆய்வு மேற்கொள்ளப்பட்டது' என நீள்கிறது. செய்தவரை மறைத்துச் செயலை மட்டும் முன்னிறுத்த இடந்தரும் இச்செயப்பாட்டுவினை அரசாணைகளிலிருந்து கிளம்பி, செய்தித்தாளைக் கடந்து, இலக்கியத் திறனாய்வு வரை பரவிவிட்டது. இது வெறும் இலக்கணக் குறை அன்று. இதில் அறமும் அடங்கியிருக்கிறது. 'துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர்' என்னும் வாக்கியத்தில் துப்பாக்கி இருக்கிறது, சூடு இருக்கிறது, இறந்தவர்களும் இருக்கின்றனர், சுட்டவரைத்தான் காணோம். இங்கே செயப்பாட்டுவினைகூட இல்லை, ஆனால் ஒளிப்பு அதேதான். 'காவலர் சுட்டதில் நால்வர் இறந்தனர்' என்று எழுதுவதற்கு மொழித்திறத்தோடு துணிவும் வேண்டும். பரிசு பெற்ற தொகுதியின் ஆசிரியர் எந்தப் பக்கத்திலும் சுட்டவரை விட்டுவிட்டு எழுதவில்லை.